பழைய காரை அடையாளம் காண்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆல்பத்தில் ஒட்டியிருக்கும் மங்கிய படம், சின்ன வயதில் ஏறிய காரைப் பற்றிய அரைகுறை ஞாபகம், கொட்டகையில் தூசி படிந்து நிற்கும் வண்டி. இந்த மூன்றில் ஒன்றைக் காட்டித்தான் எல்லோரும் "இது என்ன கார்?" என்று கேட்கிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

படத்தில் காரின் பாதிதான் தெரிகிறது. முதலில் எதைப் பார்ப்பது?

கண்ணாடியைப் பாருங்கள். அடுத்து கூரையைத் தாங்கும் தூண்கள், கதவுக் கீல்கள், வீல் போல்ட்டுகளின் எண்ணிக்கை. கிரில், பேட்ஜ், ஹப் கேப், விளக்கு, பம்பர் எல்லாம் கடைசியில்தான். அவை திருகைக் கழற்றி மாட்டக்கூடியவை. அடிபட்டபோது கிடைத்ததை மாட்டியிருப்பார்கள், அல்லது அழகுக்காகப் புது மாடலின் கிரில்லை வாங்கிப் பொருத்தியிருப்பார்கள். கண்ணாடியின் வடிவம் மாற வேண்டுமென்றால் தகட்டை வெட்டி வெல்டிங் செய்ய வேண்டும். அந்த வேலையில் யாரும் எளிதில் இறங்கமாட்டார்கள். அதனால் கண்ணாடி பொய் சொல்வது அபூர்வம்.

முன் கண்ணாடி நடுவில் கம்பி வைத்து இரண்டு தட்டைத் துண்டுகளாக இருந்தால், பெரும்பாலும் 1950-களின் முற்பகுதி அல்லது அதற்கு முன். முன் தூண் முழங்கால் போல மடங்கி, கண்ணாடி பக்கவாட்டில் சுற்றி வந்தால் 1950-களின் நடுவிலிருந்து 1960 வாக்கு வரையிலான அமெரிக்க வடிவம், அல்லது அதைப் பார்த்துச் செய்தது.

அமெரிக்கச் சந்தைக்கான கார் என்றால் சட்டமே காலத்தைச் சொல்லிவிடும். முன்னால் நான்கு வட்ட விளக்குகள் 1957-58 மாடல்களில் பரவின. மட்கார்டு ஓரத்தில் சிறு பக்க விளக்கு 1968 மாடல் முதல். முன் இருக்கையில் தலை தாங்கி 1969 தொடக்கம் முதல். முட்டினால் தாங்கும் பருமனான முன் பம்பர் 1973 மாடல் முதல். செவ்வக ஹெட்லைட் 1975 மாடல் முதல். பின் கண்ணாடி நடுவே உயரத்தில் மூன்றாவது பிரேக் லைட் 1986 மாடல் முதல். இவற்றில் எது இருக்கிறது, எது இல்லை என்று பார்த்தாலே சில ஆண்டுகளுக்குள் வந்துவிடலாம்.

படம் நேர் பக்கவாட்டில் எடுக்கப்பட்டிருந்தால் ஸ்கேலை எடுங்கள். முன் வீலின் நடுப்புள்ளியிலிருந்து பின் வீலின் நடுப்புள்ளி வரை அளந்து, அதை டயரின் விட்டத்தால் வகுங்கள். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலுக்கு இந்த எண் நான்குக்குச் சற்றுக் கீழே வரும் (வீல்பேஸ் 2,400 மி.மீ.). சிட்ரோயன் டி.எஸ்.ஸுக்கு ஐந்தை நெருங்கும் (3,125 மி.மீ.). பெயர் தெரியாத காரையும் சிறியது, நடுத்தரம், பெரியது என்று பிரித்துவிட இது உதவும். கொஞ்சம் சாய்வாக எடுத்த படத்தில் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம்.

நெகட்டிவைத் திருப்பி வைத்துப் பிரதி எடுத்த படங்களும் உண்டு. நம்பர் பிளேட் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்டீயரிங் எந்தப் பக்கம், பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் என்று வைத்துக்கொண்டு செய்யும் கணக்கெல்லாம் வீணாகும்.

பேட்ஜே தெளிவாகத் தெரிகிறதே, அது போதாதா?

போதாது. ஒரே உடலுக்குப் பல பெயர் வைத்து விற்ற காலம் அது. பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனம் 1959-ல் பினின்ஃபரீனா வடிவமைத்த ஒரே உடலை ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, எம்.ஜி. மேக்னெட், ரைலி, வூல்ஸ்லி என்று ஐந்து பெயர்களில் விற்றது. வித்தியாசம் கிரில், பின் விளக்கு, டேஷ்போர்டு, கார்புரேட்டர் எண்ணிக்கை ஆகியவற்றில். வூல்ஸ்லிக்கு ஓர் அழகான அடையாளம் உண்டு: கிரில்லில் உள்ள பேட்ஜ் இரவில் உள்ளிருந்து ஒளிரும். கிரில்லை மாற்றியிருந்தாலும் அதற்கு வந்த வயர் உள்ளே தொங்கிக்கொண்டிருக்கும்.

இதே வரிசையோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுவது 1960-ல் வந்த பெஜோ 404. அதுவும் பினின்ஃபரீனா கைவண்ணம், அதே கூர்மையான பின் இறக்கைகள். பானெட்டைத் திறக்க முடிந்தால் சந்தேகம் உடனே தீரும். 404-ன் எஞ்சின் 45 டிகிரி சாய்ந்து படுத்திருக்கும், பி.எம்.சி. எஞ்சின் நேராக நிற்கும்.

ஒரே கார் வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு பெயரில் வந்திருக்கிறதே, எப்படிப் பிரிப்பது?

உரிமம் வாங்கிச் செய்த கார்கள் மூலக் காரைவிடப் பல பத்தாண்டுகள் கூடுதலாக ஓடியிருக்கின்றன. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை இந்தியாவில் அம்பாசடராகி 2014 வரை வந்தது. ஹில்மன் ஹண்டர் 1967-ல் ஈரானில் பேக்கானாகி 2005 வரை. ரெனோ 12 ருமேனியாவில் டாசியா 1300 ஆகி 2004 வரை. எனவே உடலின் வடிவத்தை மட்டும் வைத்து ஆண்டு சொன்னால் 30 வருடம் பிசகக்கூடும்.

அதிகம் கேட்கப்படும் ஜோடி ஃபியட் 124-ம் லாடாவாக வெளிநாடுகளில் விற்ற வாஸ் 2101-ம். வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் ஃபியட்டில் நான்கு வீலிலும் டிஸ்க் பிரேக், ரஷ்யக் காரில் பின்னால் டிரம். ரஷ்ய எஞ்சினில் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் எஞ்சின் தலைக்கு மேல், சாதாரண 124-ல் கீழே. லாடா தரையிலிருந்து உயர்ந்து நிற்கும். முன் பம்பரில் ஹேண்டில் போட்டுச் சுற்ற ஒரு துளையும் இருக்கும். போலந்து ஃபியட் 125பி-யைப் பிடிப்பது இன்னும் எளிது. இத்தாலிய 125-க்குச் செவ்வக விளக்குகள், போலந்துக் காருக்கு வட்ட விளக்குகள்.

பீட்டில் எந்த ஆண்டு என்று எப்படிச் சொல்வது?

இதுதான் நிறையப் பேர் கேட்பது, நிறையப் பேர் தவறாகச் சொல்வதும் இதுதான். பின்னாலிருந்து தொடங்குங்கள்.

பின் கண்ணாடி நடுவில் தகட்டுத் தூண் வைத்து இரண்டாகப் பிரிந்திருந்தால் 1953 மார்ச்சுக்கு முன். முட்டை வடிவில் ஒரே கண்ணாடி என்றால் 1953 மார்ச் முதல் 1957 ஜூலை வரை. அகன்ற செவ்வகமானால் 1957 ஆகஸ்டுக்குப் பின். 1964 ஆகஸ்டில் எல்லாக் கண்ணாடிகளும் பெரிதாயின, கதவின் முக்கோணக் கண்ணாடியைப் பிடிக்கும் கம்பியும் சாய்ந்தது.

பிரிந்த கண்ணாடிக்கு மதிப்பு அதிகம் என்பதால் முட்டைக் கண்ணாடியின் நடுவே போலித் தூண் ஒட்டுவது உண்டு. பிடிக்க வழி இருக்கிறது. 1952 அக்டோபரில் டேஷ்போர்டு மாறியது, கதவுக்கு முக்கோணக் கண்ணாடி வந்தது, வீல் 16 அங்குலத்திலிருந்து 15-க்கு இறங்கியது. ஆகவே பிரிந்த பின் கண்ணாடியும் புது டேஷ்போர்டும் சேர்ந்திருப்பது 1952 அக்டோபர் முதல் 1953 மார்ச் வரை வந்த கார்களில் மட்டுமே நியாயம். அந்த மாதங்களுக்குச் சேசிஸ் நம்பர் பொருந்தாவிட்டால் தூணைச் சந்தேகியுங்கள். ரப்பர் பீடிங்கை மெல்ல விலக்கினால், அசல் தூண் கூரைத் தகட்டோடு சேர்ந்தே வருவது தெரியும்.

1960-களின் பிற்பகுதிக்கு வீலைப் பாருங்கள். பழையவற்றில் 5 போல்ட், 205 மி.மீ. வட்டம், நடுவில் பெரிய ஓட்டை. பின்னர் 4 போல்ட், 130 மி.மீ. அதே காலத்தில் சாய்ந்த ஹெட்லைட் நிமிர்ந்தது, வளைந்த பம்பர் தட்டையான பட்டையாக மாறியது. முன் கண்ணாடி நன்றாக வளைந்து குவிந்திருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிறகு வந்த 1303 என்ற பீட்டில் மாடல். யானைக்கால் என்று செல்லமாகச் சொல்லப்படும் பெரிய வட்டப் பின் விளக்கும் அந்தக் காலத்ததுதான். ஆனால் விளக்கு மட்டும் இருந்தால் நம்ப வேண்டாம், மட்கார்டோடு சேர்த்து மாற்றப்பட்டிருக்கலாம்.

நம்பர் இரண்டு இடத்தில் இருக்கும். முன் டிக்கியில் ஒரு தகட்டில் இருக்கும், பின் இருக்கையைத் தூக்கினால் தரையின் நடுவில் மேடாக ஓடும் சுரங்கத்தில் அடித்திருக்கும். சுரங்கத்தில் இருப்பதுதான் காரின் உண்மையான நம்பர். 1965 மாடல் முதல் மூன்றாம் இலக்கம் ஆண்டைக் காட்டும்: 115 என்று தொடங்கினால் 1965 மாடல். ஃபோக்ஸ்வேகனுக்கு மாடல் ஆண்டு ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும். ஆகவே ஆவணத்தில் 1964 என்றும் நம்பரில் 5 என்றும் இருந்தால் அது முரண் அல்ல.

மினி?

கண்ணாடி தள்ளித் திறப்பது, கதவுக் கீல் வெளியே தெரிவது என்றால் 1959 முதல் 1969 வரையிலான முதல் இரண்டு மார்க் (தலைமுறை). சுற்றி இறக்கும் கண்ணாடி, மறைந்த கீல் என்றால் அதற்குப் பின். விதிவிலக்குகளை மறக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் செய்த மினிக்கு 1965-லேயே சுற்றும் கண்ணாடி வந்துவிட்டது. வேனும் பிக்கப்பும் வெளிக் கீலோடும் தள்ளும் கண்ணாடியோடுமே கடைசிவரை வந்தன. 10 அங்குல வீல் 12 ஆனது 1984-ல்.

கதவு பின்பக்கம் கீல் வைத்து முன்னாலிருந்து திறந்ததாக ஞாபகம். சின்னக் கார். என்னவாக இருக்கும்?

முதல் சந்தேகம் ஃபியட் 500. 1957 முதல் 1965 வரை அப்படித்தான் திறந்தது. 1965-ல் வந்த எஃப் மாடலிலிருந்து கீல் முன்னால் போனது. ஆனால் ஸ்டேஷன் வேகன் வடிவமான ஜார்டினியேரா 1977 வரை பழையபடியே திறந்தது. எனவே பின்பக்கம் நீண்டிருந்ததா என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள்.

நான்கு கதவும் துணிக் கூரையும் இருந்தால் சிட்ரோயன் 2சி.வி. அதன் முன் கதவு 1964 டிசம்பர் வரை அப்படித் திறந்தது. பானெட் முழுக்கச் சன்னமான வரிகள் ஓடினால் 1960 டிசம்பருக்கு முன், ஐந்து தடித்த வரிகள் என்றால் அதற்குப் பின். பின் தூணில் மூன்றாவது சிறு ஜன்னல் 1966 மாடல் முதல். செவ்வக ஹெட்லைட் 1974-ல் வந்தாலும் வட்ட விளக்கு மாடல்களும் கூடவே தொடர்ந்து வந்தன. அதனால் வட்ட விளக்கை வைத்துப் பழையது என்று முடிவு கட்டக்கூடாது.

நான்கு கதவு, உருண்டை உருவம், எஞ்சின் பின்னால், முன் கதவு மட்டும் தலைகீழ் என்றால் ரெனோ 4சி.வி. இதைத்தான் பலர் பீட்டில் என்றோ மோரிஸ் மைனர் என்றோ நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பீட்டிலுக்கு இரண்டே கதவு, மைனருக்கு எஞ்சின் முன்னால்.

திரும்பும்போது பக்கவாட்டுத் தூணிலிருந்து ஒரு சிவப்புக் கை நீளும். அது எந்தக் கார்?

அது ஒரு காருக்கு மட்டும் உரியதல்ல. டிராஃபிகேட்டர் எனப்படும் அந்தக் கை 1930-கள் முதல் 1950-கள் வரை ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் இருந்தது. பீட்டிலில் ஐரோப்பாவுக்கான கார்களில் 1960 வரை, மோரிஸ் மைனரில் 1961 வரை. மைனர் என்று தோன்றினால் முன் கண்ணாடி ஒன்றா இரண்டா என்று யோசியுங்கள்: 1956 அக்டோபர் வரை இரண்டு, பிறகு ஒரே வளைந்த கண்ணாடி.

இன்றும் அந்தக் கை உள்ள கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கை பாதியில் நின்றுவிட்டால் சுவிட்சைப் போட்டபடியே வைத்திருக்காதீர்கள், உள்ளே இருக்கும் காயில் கருகிவிடும். பெரும்பாலும் காரணம் கீலில் கெட்டியான பழைய எண்ணெய். கையை விரலால் தூக்கி, பெட்ரோல் நனைத்த பிரஷ்ஷால் சுத்தம் செய்து, மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டால் போதும். கிரீஸ் வைத்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

ஸ்டார்ட் செய்ததும் கார் மெல்ல மேலே எழும்பியது. இது உண்மையா, கற்பனையா?

உண்மை. ஸ்பிரிங்குக்குப் பதிலாக வாயுவும் திரவமும் காரைத் தாங்கும் சிட்ரோயனின் ஹைட்ரோநியூமேட்டிக் சஸ்பென்ஷன் அது. 1955-ல் டி.எஸ்.ஸில் முழுதாக வந்து, பிறகு ஜி.எஸ்., சி.எக்ஸ்., பி.எக்ஸ். எனத் தொடர்ந்தது. ஸ்டீயரிங்கில் ஒரே ஒரு ஆரம், முதலில் பின்பக்கம் எழும்பி அடுத்து முன்பக்கம், பின் கூரை ஓரத்தில் குழல் போல இண்டிகேட்டர் என்றால் டி.எஸ். முன் விளக்கு இரண்டாக இருந்தால் 1967 செப்டம்பருக்கு முன். அதற்குப் பிறகு வந்தவற்றில் கண்ணாடி மூடிக்குள் நான்கு விளக்கு. அவற்றில் உள்பக்க ஜோடி உயர் மாடல்களில் ஸ்டீயரிங்கோடு திரும்பும். அமெரிக்காவுக்குப் போனவற்றில் கண்ணாடி மூடியும் இல்லை, திரும்பும் வசதியும் இல்லை. அதனால் வெறும் நான்கு விளக்கோடு ஒரு டி.எஸ். நின்றால் யாரோ மாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

இந்தக் காரை இனம் கண்டபின் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு தவறான திரவத்தை ஊற்றுவது. பழைய கார்களில் பிரேக் ஆயில் வகையைச் சேர்ந்த எல்.எச்.எஸ்., 1966 செப்டம்பர் முதல் பச்சை நிற மினரல் எண்ணெயான எல்.எச்.எம். அமெரிக்கக் கார்களில் இந்த மாற்றம் தாமதமாக வந்தது. ஒன்றின் ரப்பர் சீல்கள் மற்றதில் ஊறிக் கெடும், பிரேக்கும் சஸ்பென்ஷனும் ஸ்டீயரிங்கும் ஒரே நேரத்தில் போகும். ஆண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். பானெட்டுக்குள் உள்ள உருண்டைகளும் பம்பும் அசலில் பச்சைப் பெயின்ட் என்றால் பச்சைத் திரவம், கறுப்பு என்றால் பழைய திரவம். மறுபடி பெயின்ட் அடித்திருக்கலாம் என்று தோன்றினால் டேங்கிலிருந்து கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் விடுங்கள். மினரல் எண்ணெய் மிதக்கும், பிரேக் ஆயில் வகை கலந்துவிடும்.

டேஷ்போர்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கியர், உள்பக்கம் சாய்ந்த பின் கண்ணாடி, இருக்கைகளுக்கு நடுவில் சாவி… இவை எல்லாம் எந்தக் கார்கள்?

டேஷ்போர்டிலிருந்து இழுத்துத் தள்ளும் கியர்: 2சி.வி., ரெனோ 4, ரெனோ 6, ஆரம்பகால ரெனோ 5. ரெனோ 4-ஐ உறுதிப்படுத்த டேப் போதும். பின் வீல்களுக்கு ஸ்பிரிங்காக இருக்கும் டார்ஷன் (முறுக்கு) கம்பிகள் ஒன்றின் பின் ஒன்றாகக் கிடப்பதால் வலப்பக்க வீல்பேஸ் இடப்பக்கத்தைவிட 48 மி.மீ. நீளம். இது விபத்தில் வளைந்ததல்ல.

பின் கண்ணாடி மேலிருந்து கீழாக உள்வாங்கிச் சாய்ந்திருந்தால் 1959 முதல் 1967 வரை வந்த ஃபோர்டு ஆங்கிலியா 105இ, அல்லது சிட்ரோயன் அமி 6. ஆங்கிலியாவுக்கு வட்ட விளக்கு, சிறு பின் இறக்கை. அமிக்குச் செவ்வக விளக்கு, நடுவில் தொய்ந்த பானெட், இரட்டை சிலிண்டர் சத்தம்.

சாவி இருக்கைகளுக்கு நடுவில் என்றால் சாப் 99 அல்லது 900. இரண்டு பின் மட்கார்டிலும் தனித்தனிப் பெட்ரோல் மூடி என்றால் ஜாகுவாரை நினையுங்கள்: மார்க் 10, எஸ்-டைப், எக்ஸ்.ஜே.6. பெட்ரோல் மூடியே கண்ணில் படாவிட்டால் செவ்ரலேயாக இருக்கலாம். 1956-ல் அது இடது பின் விளக்குக்குப் பின்னால், 1957-ல் இடது இறக்கையின் பின் ஓரக் குரோமியப் பட்டைக்குள்.

முன்னால் மூன்று ஹெட்லைட் என்றால் டாட்ரா 77ஏ, 87, ஆரம்பகால 603, அமெரிக்க டக்கர் 48, அல்லது 1949 முதல் 1952 வரை கிரில் நடுவில் விளக்கு வைத்து வந்த ரோவர் 75. டக்கரின் நடு விளக்கு ஸ்டீயரிங்கோடு திரும்பும். முதல் சோதனைக் காரையும் சேர்த்து டக்கர் 51 கார்தான் செய்யப்பட்டது. ஆகவே வேறு வாய்ப்புகளை முதலில் பாருங்கள்.

முன்பக்கமே கதவாகத் திறக்கும் கார் ஈசெட்டாதானே?

பெரும்பாலும் ஆம், ஆனால் ஹைன்கலும் உண்டு. கதவைத் திறக்கும்போது ஸ்டீயரிங்கும் அதோடு வெளியே வந்தால் ஈசெட்டா, அசையாமல் உள்ளேயே நின்றால் ஹைன்கல் அல்லது பிரிட்டனில் டிரோஜன் என்ற பெயரில் வந்த அதே கார். ஈசெட்டா இத்தாலியின் ஈசோ நிறுவனத்தில் 1953-ல் பிறந்தது, பி.எம்.டபிள்யூ. அதை 1955 முதல் 1962 வரை செய்தது. பின்னால் நெருக்கமாக இரண்டு வீல் என்பது பொது. ஒரே வீல் என்றால் பிரிட்டனில் செய்யப்பட்டது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். முன் கதவோடு பக்கவாட்டிலும் ஒரு கதவு, நான்கு இருக்கை என்றால் பி.எம்.டபிள்யூ. 600. முன்னும் பின்னும் ஒவ்வொரு கதவு, முதுகோடு முதுகு ஒட்டிய இருக்கைகள் என்றால் 1957-58-ல் மட்டும் வந்த ட்ஸுண்டாப் யானுஸ்.

ஒருவர் பின் ஒருவர் உட்கார்ந்து, கண்ணாடிக் குமிழைப் பக்கவாட்டில் தூக்கித் திறந்தால் மெஸர்ஷ்மிட். கே.ஆர்.200-க்குத் தனி ரிவர்ஸ் கியர் கிடையாது. எஞ்சினை நிறுத்தி, எதிர்ச் சுற்றாக மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். அப்போது நான்கு கியரும் பின்னோக்கி வேலை செய்யும்.

அமெரிக்கக் காரில் நம்பரை வைத்து என்னென்ன கண்டுபிடிக்கலாம்?

கார் அசல் உயர் மாடலா, மலிவு மாடலை அலங்கரித்ததா என்பதை. 1957 செவ்ரலேயில் இடது முன் கதவுத் தூணில் தகடு இருக்கும். வி8 எஞ்சினோடு வந்தது என்றால் 'வி' என்ற எழுத்தில் தொடங்கும், ஆறு சிலிண்டருக்கு அது இருக்காது. அடுத்த எழுத்து சி என்றால் பெல் ஏர், பி என்றால் டூ-டென், ஏ என்றால் ஒன்-ஃபிஃப்டி. வெளியே பெல் ஏர் பட்டைகள் பளபளக்க, தகட்டில் பி இருந்தால் விஷயம் புரிந்துவிடும்.

1965 மஸ்டாங் நம்பரில் முதல் இலக்கம் 5, பிறகு தொழிற்சாலை எழுத்து: எஃப் டியர்பார்ன், ஆர் சான் ஹொசே, டி (T) மெட்டச்சன். அடுத்து உடல்: 07 ஹார்டுடாப், 08 கன்வர்ட்டிபிள், 09 ஃபாஸ்ட்பேக். ஐந்தாம் இடத்தில் எஞ்சின்: டி (T) என்றால் ஆறு சிலிண்டர், சி, ஏ என்றால் 289 கன அங்குல வி8, கே என்றால் அதிலேயே 271 குதிரைத்திறன் கொண்டது. 1964 ஏப்ரலில் முதலில் வந்த கார்களும் 5 என்றே தொடங்கும். நம்பரைப் பார்க்கும் முன்பே ஒரு குறிப்பு கிடைக்கும்: ஆறு சிலிண்டர் காருக்கு வீலில் 4 நட், வி8-க்கு 5. வெளியே வி8 பேட்ஜும் வீலில் 4 நட்டும் இருந்தால் எஞ்சினை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அந்தச் சிறிய பிரேக் அந்த வேகத்துக்குப் போதாது, இதை உடனே கவனிக்க வேண்டும்.

துருப்பிடித்த சேசிஸ் நம்பரைப் படிப்பது எப்படி?

உப்புத்தாளும் கம்பி பிரஷ்ஷும் தொடவே கூடாது. எழுத்தின் பள்ளம் ஒருமுறை தேய்ந்தால் திரும்பாது, நம்பரைத் திருத்தியதாகவும் பார்ப்பவர் நினைப்பார். மண்ணெண்ணெயில் நனைத்த துணியை அரை மணி நேரம் போட்டு வைத்து, நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். உலர்ந்ததும் சாக்பீஸைப் பக்கவாட்டில் உரசிப் பூசி, மேற்பரப்பை மட்டும் விரலால் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளை நிற்கும். இருட்டில் டார்ச்சைத் தகட்டோடு ஒட்டிச் சாய்வாக அடித்தால் இன்னும் தெளிவாகும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசி ஒரு பிரதியும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துகளின் உயரம், இடைவெளி, ஆழம் ஒன்றுபோல இல்லாவிட்டாலோ, சுற்றிலும் கிரைண்டர் கோடு தெரிந்தாலோ வாங்கும் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

17 இலக்க சேசிஸ் நம்பரில் பத்தாவது எழுத்து ஆண்டுதானே?

வட அமெரிக்கக் கார்களுக்கு, 1981 மாடல் முதல், ஆம். பி 1981, சி 1982 என்று போகும். ஐ, ஓ, க்யூ நம்பரில் எங்கும் வராது. யு, இசட் ஆண்டுக்கு மட்டும் வராது. ஐரோப்பாவில் இது கட்டாயம் அல்ல. மெர்சிடிஸின் ஐரோப்பிய நம்பரில் பத்தாம் இடம் ஸ்டீயரிங் பக்கத்தைக் காட்டும்: 1 இடது, 2 வலது. அந்த 1-ஐ 2001 என்று படித்து 1980-களின் காருக்கு வயதைக் குறைத்தவர்கள் உண்டு.

கண்ணாடியிலும் டயரிலும் உள்ள குறிகள் உதவுமா?

துணைச் சான்றாக உதவும். பிரிட்டிஷ் ட்ரிப்ளெக்ஸ் கண்ணாடியில் எழுத்துகளை ஒட்டிச் சிறு புள்ளிகள் இருக்கும். காலாண்டையும் ஆண்டின் கடைசி இலக்கத்தையும் அவை குறிக்கும். முன் கண்ணாடி கல் பட்டு மாறியிருக்கலாம், அதனால் பக்கக் கண்ணாடிகளை ஒப்பிடுங்கள். நான்கில் மூன்று ஒரே காலத்தைக் காட்டினால் அதுவே காரின் காலம். டயரில் நான்கு இலக்கம் (வாரம், ஆண்டு) 2000 முதல்தான். மூன்று இலக்கம் என்றால் அதற்கு முன் செய்தது, டயரின் வரிகள் எவ்வளவு ஆழமாகத் தெரிந்தாலும் அதில் சாலைக்குப் போகாதீர்கள்.

போர்ஷ 356 ஸ்பீட்ஸ்டர் ஒன்று பார்த்தேன். அசலா?

பீட்டில் சேசிஸைச் சுருக்கி, அதன்மேல் ஃபைபர் உடல் ஏற்றிய பிரதிகள் ஏராளம். 356-ன் வீல்பேஸ் 2,100 மி.மீ., பீட்டிலுடையது 2,400. ஆகவே நடுச் சுரங்கத்தை 30 செ.மீ. அளவுக்கு வெட்டிச் சேர்த்த வெல்டிங் தடம் தரைவிரிப்புக்கு அடியில் இருக்கும். சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி உடலெங்கும் வைத்துப் பாருங்கள். அசல் உடல் எஃகு, ஒட்டும். ஓரிடத்தில் மட்டும் ஒட்டாவிட்டால் அங்கே பட்டி கனமாகப் பூசியிருக்கிறார்கள். பழைய புகாட்டி வடிவத்தில் எஞ்சின் பின்னால் இருந்தாலும் இதே கதைதான். பிரதி என்பதால் கேவலம் இல்லை, நன்றாகச் செய்தவை ஓட்ட இனியவை. அசல் என்று சொல்லி விற்பதுதான் குற்றம்.

டிராபான்ட், ரோ 80, மைனர் டிராவலர் போன்றவற்றில் எதைச் சோதிப்பது?

டிராபான்ட் 601-ன் வெளித்தகடு பருத்திக் கழிவும் பிசினும் சேர்த்து அழுத்திய டூரோபிளாஸ்ட், துருப்பிடிக்காது. உள்ளே இருக்கும் எஃகுக் கூடு பிடிக்கும். வெளித்தோற்றத்தில் மயங்காமல் கதவுக்கு அடியில் உள்ள பெட்டித் தகட்டைக் குத்திப் பாருங்கள். பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டிய கார் இது: பழைய எஞ்சினுக்கு 33-க்கு 1, 1974 முதல் 50-க்கு 1. எந்த எஞ்சின் என்று தெரியாவிட்டால் 33 பங்குக் கணக்கிலேயே ஊற்றுங்கள். புகை கூடுவதோடு போகும், பேரிங் தப்பிக்கும்.

என்.எஸ்.யு. ரோ 80 (1967–77) பிஸ்டனுக்குப் பதில் சுழலி கொண்ட வாங்கெல் எஞ்சினுக்காகவே நினைக்கப்படும் கார். சுழலியின் முனைச் சீல்கள் சீக்கிரம் தேய்ந்ததால் பலர் ஃபோர்டு வி4 எஞ்சினைப் போட்டுவிட்டார்கள். பானெட்டைத் திறக்காமல் இந்தக் காருக்கு மதிப்புச் சொல்லக்கூடாது.

மோரிஸ் மைனர் டிராவலரின் பின்பக்க மரச்சட்டம் அலங்காரம் அல்ல, உடலைத் தாங்குவதே அதுதான். ஜன்னல் தடத்தின் கீழ்மூலைகளில் தண்ணீர் தேங்கி முதலில் மட்கும். பேனாக்கத்தி முனை தானாக இறங்கினால் அந்தச் சட்டம் மாற்றப்பட வேண்டியது. வார்னிஷ் பூசி மறைப்பது ஆபத்து.

அடையாளம் கேட்டு அனுப்ப எந்தப் படங்கள் வேண்டும்?

முன் மூலை, பின் மூலை, நேர் பக்கவாட்டு, டேஷ்போர்டு, கதவுக் கீல், வீல் போல்ட், எஞ்சினின் இரு பக்கமும், தகடுகள். பேட்ஜ் கழன்றிருந்தால் அதன் துளைகளை அளவுகோலோடு எடுங்கள், துளைகளின் இடைவெளியே பெயரைச் சொல்லிவிடும். பழைய படம் என்றால் காரை மட்டும் வெட்டி அனுப்பாதீர்கள். பின்னால் நிற்கும் இன்னொரு வண்டி, நம்பர் பிளேட்டின் வடிவம், படத்தின் பின்புறம் எழுதியது எல்லாம் வேண்டும். பதிலாக ஒரே ஆண்டு வராமல் "1958-க்கும் 1961-க்கும் இடையில்" என்று வந்தால் அதுவே நேர்மையான பதில்.

என்ன கார் என்று தெரிந்துவிட்டது. பல வருடமாக நிற்கிறது. பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்யலாமா?

உடனே வேண்டாம். 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணையும். பழக்கதோஷத்தில் நெகட்டிவை மாட்டினால் ரேடியோ இருந்தால் அது போகும், டைனமோ மறுதுருவமாகும். பீட்டில் போன்றவை 6 வோல்ட்டாகவும் இருக்கலாம். பல்பின் அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

பழைய பெட்ரோலை முழுதாக இறக்குங்கள், ரப்பர்க் குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு தேக்கரண்டி மெல்லிய எண்ணெய் விட்டு ஒரு நாள் விடுங்கள். பிறகு கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று. இறுகினால் வற்புறுத்தாமல் மறுபடி எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். எளிதாகச் சுற்றினால் பிளக் இல்லாமலேயே செல்ஃப் அடித்து, ஆயில் பிரஷர் காட்டியபின் பிளக்கைப் போடுங்கள். இதற்கெல்லாம் முன் பிரேக் பெடலை அழுத்திப் பாருங்கள். அது தரைவரை போனால் எஞ்சின் வேலையை ஒதுக்கிவைத்து வீல் சிலிண்டர்களிலிருந்து தொடங்குங்கள்.